காந்தத்துக்கு முளைச்ச தாடி

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் எல்.கே.ஜி.யில இருந்தே இங்கிலீஷ் மீடியம். தமிழ் எனக்கு ஒரு பாடம், அவ்வளவுதான். இந்த இதழுக்கு எழுதித் தர்றேன்னு எடிட்டர் நண்பன்கிட்ட வாய் கொடுத்து மாட்டிக்கிட்டேன். எழுத்துப்பிழை இருந்தா அவன் திருத்திடுவான். கருத்துப்பிழை இருந்தா அது என்னோடது.

எங்க அப்பா டூவீலர் மெக்கானிக். சேலத்துல ஒரு சிக்னலை ஒட்டி, ஒரு புங்கமரத்தடியில கடை. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே வந்த கடை. உள்ளே போனதும் இடது பக்கச் சுவர்ல, ஆணியில ஒரு வட்டக் காந்தம் தொங்கும். பழைய ஸ்பீக்கர்ல இருந்து கழட்டினது. கீழே விழுந்து காணாம போன ஸ்க்ரூ, வாஷர், பேரிங் பால் எல்லாத்தையும் தேடிப் பிடிக்கறது அதோட வேலை. எப்பப் பார்த்தாலும் அந்தக் காந்தத்துக்குக் கறுப்பா ஒரு தாடி முளைச்சிருக்கும். துணியால துடைச்சு விட்டா ரெண்டு நாள்ல திரும்ப வந்துடும். அது ஏதோ இரும்புத்தூள்னு நினைச்சுக்கிட்டு வளர்ந்தேன். அதுக்கு மேல யோசிச்சதில்ல.

எனக்கு இன்னொரு தாடியும் தெரியும். எங்க அம்மாயி ஊர் கஞ்சமலை அடிவாரம். லீவுக்குப் போனா இதே மாதிரி ஒரு காந்தத்தை நூல்ல கட்டி, மண்ணுல இழுத்துக்கிட்டு ஓடுவோம். ஒரு தெரு ஓடி முடிக்கறதுக்குள்ள காந்தம் முழுக்கக் கறுப்புத் தூள் ஒட்டிக்கும். யாருடைய காந்தத்துல அதிகம்னு போட்டி நடக்கும். அம்மாயி திண்ணையில உக்காந்து, "மலையே இரும்புதான் சாமி, அதைப் போயி அள்ளிட்டு வர்றியா"ன்னு சிரிப்பாங்க. அது ஒண்ணும் பாட்டி கதை இல்ல. கஞ்சமலைப் பாறையில மேக்னடைட் நிஜமாவே இருக்கு. வெள்ளைக்காரன் காலத்துல பறங்கிப்பேட்டை இரும்பாலைக்குச் சேலத்துல இருந்துதான் தாது போச்சு.

இந்த ரெண்டு தாடியும் ஒண்ணா வேறயாங்கறதுதான் என் ஃபைனல் இயர் ப்ராஜெக்டா வந்து நிக்கும்னு அப்ப யாரும் சொல்லல.

ஜீரோத் ரிவ்யூவுல வாங்கினது

நான் சிவில். டீம்ல மூணு பேர். நான், கிளாஸ் டாப்பர் ஒருத்தி, அப்புறம் தமிழ் மீடியத்துல பன்னிரண்டாவது முடிச்ச என் ஹாஸ்டல் நண்பன். தலைப்பு நான்தான் பிடிச்சேன்: வாகனப் புகையால் வரும் கன உலோக மாசைக் காந்த அளவீடு மூலம் கண்டறிதல். கேக்கவே கெத்தா இருந்துச்சு. காந்தம்னா லேப் செலவு கம்மி, ரிசல்ட் உடனே வரும், பி.பி.டி.யும் அழகா இருக்கும். அந்த அளவுக்குத்தான் யோசிச்சு வச்சிருந்தேன்.

ரிவ்யூவுல மூணாவது ஸ்லைடுலயே ஒரு சார் நிறுத்தினார். "கன உலோகம்னா எதைச் சொல்ற?"

"லெட், காப்பர், ஜிங்க், காட்மியம் சார்."

"லெட்டைக் காந்தம் இழுக்குமா?"

நான் வாயைத் திறந்தேன். ஒண்ணும் வரல. "காப்பர் ஒயரை?" ரூம்ல யாரோ சிரிச்சாங்க. "வீட்டுக்குப் போய் ஒரு ஒயர்ல காந்தத்தை வச்சுப் பாரு. அப்புறமா வா."

அவர் சொன்னது சரி. ஈயம், செம்பு, துத்தநாகம், காட்மியம் எல்லாமே டயா காந்தப் பொருள். காந்தம் அதையெல்லாம் இழுக்கறதில்ல, ரொம்ப ரொம்ப லேசாத் தள்ளிவிடும். காந்தத்தை வச்சு ஈயத்தைத் தேடறேன்னு ஸ்லைடு போட்டது நான். அன்னிக்கு ராத்திரி மெஸ்ல சாப்பாடு இறங்கல.

அடுத்த நாள் எங்க கைடு மேடம்கிட்ட போய், தலைப்பை மாத்திக்கறோம்னு சொன்னோம். "கேள்வி நல்ல கேள்வி. அதுக்குப் பதில் இருக்கு. தேடிப் படிச்சிட்டு வாங்க, அப்புறம் மாத்தலாமான்னு பாப்போம்"னாங்க.

தேடினோம். பதில் இருந்துச்சு.

இன்ஜின்ல எரியற எரிபொருள், தேயற பிஸ்டன் ரிங், துருப்பிடிச்ச சைலன்சர், உராயற பிரேக் எல்லாத்துல இருந்தும் கண்ணுக்குத் தெரியாத இரும்பு ஆக்சைடு துகள்கள் வெளியே வருது. அதுல முக்கியமானது மேக்னடைட். மூணு இரும்பு அணு, நாலு ஆக்சிஜன் அணு சேர்ந்தது. காந்தத்துக்கு ரொம்ப வசப்படற கனிமம். மண்ணுல இருக்கற மணல், சுண்ணாம்பு, களிமண்ணோட ஒப்பிட்டா இதோட காந்தத்தன்மை பல நூறு, பல ஆயிரம் மடங்கு. அதனால தூசியில இது துளியூண்டு கலந்திருந்தாலும் கருவி காட்டிக் கொடுத்துடும். ஈயம், செம்பு, துத்தநாகம் தனியா வர்றதில்ல. இந்த இரும்புத் துகளோட சேர்ந்தே பொறக்குது. சிலது துகளுக்குள்ள இருக்கும், சிலது மேல ஒட்டிக்கிட்டு வரும். ஆக, நாங்க தேடற ஆளைக் காந்தத்துக்கு அடையாளம் தெரியாது. ஆனா அவன் கூடவே சுத்தற கூட்டாளியைத் தெரியும்.

ஆனா கூட்டாளி இருக்கற இடத்துல எல்லாம் அவனும் இருப்பான்னு சொல்லிட முடியாது. அதனால சில சாம்பிளை மட்டும் கெமிஸ்ட்ரி லேப்ல அட்டாமிக் அப்சார்ப்ஷன் கருவியில கொடுத்து, இந்த ஊர்ல, இந்த ரோட்டுல, காந்த அளவு ஏறும்போது உலோகமும் ஏறுதான்னு ஒத்துப் பாக்கணும். ஒத்து வந்தா மிச்ச நூறு சாம்பிளைக் காந்தத்தாலேயே அளந்துடலாம். ரசாயனச் சோதனைக்கு ஒவ்வொரு சாம்பிளுக்கும் காசு, ஆசிடு, நேரம் வேணும். காந்த அளவீடு ஒரு சாம்பிளுக்கு ஒரு நிமிஷம்தான், சாம்பிளும் கெடாது. இந்த முறையோட லாபமே அதுதான்.

இதுல அளக்கறதுக்குப் பேரு மேக்னடிக் சஸ்செப்டிபிலிட்டி. நாலு வருஷமா இந்த வார்த்தையை எழுதி மார்க் வாங்கியிருக்கேன், புரிஞ்சதில்ல. ஹாஸ்டல் நண்பன் சொன்னான்: "காந்த ஏற்புத்திறன்டா. சின்னதா ஒரு காந்தப்புலத்தைக் கொடுத்தா, அந்தப் பொருள் எவ்வளவு தூரம் அதை ஏத்துக்கிட்டு தானும் காந்தமாகுதுங்கறது." அவனோட பன்னிரண்டாவது ஃபிசிக்ஸ் புத்தகத்துல இருக்கற சொல். பேருக்குள்ளயே அர்த்தம் இருக்கு. தமிழ் மீடியத்துல படிச்சதுக்காக முதல் வருஷம் பூரா அவனைக் கிண்டல் பண்ணினவங்கள்ல நானும் ஒருத்தன். அதையும் இங்கேயே எழுதி வச்சிடறேன்.

மண் ஏமாத்தினது

முதல்ல ரோட்டோர மண்ணை எடுத்தோம். ரோட்டு விளிம்புல இருந்து ஒரு மீட்டர், அஞ்சு மீட்டர், இருபது மீட்டர்னு பிளாஸ்டிக் கரண்டியால சுரண்டி, காய வச்சு, சலிச்சு, சின்ன டப்பாவுல அடைச்சோம். இரும்புக் கரண்டி கூடாது, அதுவே சாம்பிளைக் கெடுத்துடும்.

எங்க காலேஜ்ல அந்தக் கருவி இல்ல. வேற ஒரு இடத்துல ஜியாலஜி துறையில இருந்துச்சு. மேடம் பேசி ஒரு நாள் வாங்கித் தந்தாங்க. பார்க்க ஒரு பழைய ரேடியோ மாதிரி ஒரு பெட்டி, பக்கத்துல குழி வச்ச ஒரு சென்சார். அந்தக் குழிக்குள்ள ஒரு காயில். பத்து கன சென்டிமீட்டர் டப்பாவை உள்ளே வச்சா, சாம்பிளோட ஏற்புத்திறனுக்குத் தகுந்த மாதிரி காயிலோட இண்டக்டன்ஸ் மாறும், அதனால அதுல ஓடற அலைவெண் மாறும். அந்த மாற்றத்தைத்தான் நம்பரா காட்டும். செல்போன், பெல்ட் பக்கிள், சாவிக்கொத்து எல்லாத்தையும் வெளியே வச்சிட்டு வரச் சொன்னார் அங்கே இருந்த அண்ணன்.

ரிசல்ட் வந்துச்சு. ரோட்டோரத்துல அதிகம். இருபது மீட்டர் தள்ளியும் அதிகம். கன்ட்ரோல் சாம்பிளா அம்மாயி ஊர்ல இருந்து கொண்டு போன தோட்டத்து மண்ணுல எல்லாத்தையும் விட அதிகம்! பஸ்ஸே ஒரு நாளைக்கு நாலு தடவைதான் வர்ற ஊர் அது.

கஞ்சமலை. சின்ன வயசுல காந்தத்துல ஒட்டின அதே கறுப்புத் தூள். மலை கரைஞ்சு மண்ணா இறங்கியிருக்கு. அதை நூல்ல கட்டி இழுத்து ஓடின நானே மறந்துட்டேன்.

இதைப் பிரிக்க ஒரு வழி இருக்குன்னு படிச்சிருந்தோம். அந்த சென்சார்ல 465 ஹெர்ட்ஸ், 4650 ஹெர்ட்ஸ்னு ரெண்டு அலைவெண் உண்டு. மண்ணுக்குள்ளேயே இயற்கையா உருவாகற மேக்னடைட் ரொம்பப் பொடி, ஒரு மில்லிமீட்டர்ல லட்சத்துல சில பங்கு அளவுதான். அந்தப் பொடிகள் வேகமான அலைவெண்ணுக்கு ஈடு கொடுக்க முடியாம குறைச்சுக் காட்டும். ரெண்டு அளவுக்கும் பத்து சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா மண்ணுல பொறந்தது. ரெண்டு சதவீதத்துக்குக் கீழேன்னா பெரிய துகள், மாசா இருக்க வாய்ப்பு அதிகம். ஆவலா போட்டுப் பார்த்தோம். எங்க ஊர் மண்ணுல ரெண்டு அளவும் ஏறக்குறைய ஒண்ணாவே வந்துச்சு. ஏன்னா எங்களோடது மண்ணுல பொறந்த பொடி இல்ல, பாறையில இருந்து உடைஞ்சு வந்த பெரிய துகள். வண்டியில இருந்து வந்ததும் பெரிசு, மலையில இருந்து வந்ததும் பெரிசு. அந்த வித்தை எங்க ஊர்ல செல்லாது.

செமஸ்டர்ல பாதி போயாச்சு. கையில இருந்தது நாப்பது டப்பா மண்ணு.

இலை

வழி காட்டினது டாப்பர்தான். 1999ல இங்கிலாந்துல நாரிச் நகரத்துல ரோட்டோர பிர்ச் மர இலைகளைக் காந்த முறையில அளந்து பார்த்திருக்காங்க. இலையில இருக்கறது தண்ணியும் செல்லுலோசும்தான், அதுக்குன்னு காந்தத்தன்மை இல்ல. அதனால இலையில ஏதாவது தெரிஞ்சா, அது வெளியே இருந்து வந்து படிஞ்சது. அங்கே ஒரு அழகான விஷயம் கண்டுபிடிச்சாங்க. மேடு ஏறற பக்கத்து மரங்கள்ல அளவு அதிகம், இறங்கற பக்கம் கம்மி. மேடு ஏறும்போது இன்ஜின் திணறி நிறைய எரிக்கும், புகையும் கூடும். இலை அதைக் குறிச்சு வச்சிருக்கு.

அந்த ஆய்வுல இருந்த பார்பரா மேஹர் அப்புறம் லங்காஸ்டர்ல பல வேலை செஞ்சாங்க. 2016ல அவங்க குழு மெக்சிகோ சிட்டியையும் மான்செஸ்டரையும் சேர்ந்த 37 பேரோட மூளைத் திசுவைச் சோதிச்சு, உள்ளே மேக்னடைட் நுண்துகள் இருக்குன்னு காட்டினாங்க. மூளையில இயற்கையா உருவாகறது படிகம் மாதிரி முனையோட இருக்கும். அவங்க பார்த்ததுல நிறைய, அதிக சூட்டுல உருகி உறைஞ்ச மாதிரி உருண்டை. சிலதுல பிளாட்டினம், நிக்கல், கோபால்ட்டும் கூட இருந்துச்சு. அது வியாதியைக் கொண்டு வருதாங்கறது இன்னும் நிரூபணம் ஆகல. ஆனா ரோட்டுல இருக்க வேண்டியது தலைக்குள்ள இருக்கு. இதைப் படிச்ச அன்னிக்கு எனக்குக் கடைச் சுவர்ல தொங்கற காந்தம் ஞாபகம் வரல. வந்திருக்கணும்.

ஜனவரி கடைசியில, மூணு வாரமா மழை இல்லாத நேரம் பார்த்து இலை பறிச்சோம். எல்லாமே புங்கமரம். வேற வேற மரம்னா இலையோட மெழுகும் சொரசொரப்பும் வேற, ஒப்பிட முடியாது. தலை உயரத்துல, ரோட்டைப் பார்த்த பக்கம், முத்தின இலை. பதினாலு மரம். எங்கேயும் யாரும் சும்மா விடல. "தம்பி, நாட்டு மருந்துக்கா?" "ஆட்டுக்கா?" ஒரு டிராஃபிக் போலீஸ்காரர் மட்டும் முழுசாக் கேட்டுட்டு, "எங்க நுரையீரலையும் கொஞ்சம் அளந்து பாருங்கப்பா"ன்னார். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார்.

கன்ட்ரோலுக்கு மறுபடியும் அம்மாயி தோட்டம். இந்தத் தடவை தெரிஞ்சேதான் போனோம். உருக்காலை இருக்கற பக்கம் இல்லாம மலையோட மறுபக்கம் அது. அங்கே மண்ணு பயங்கரக் காந்தம். அந்த மண்ணுல நிக்கற மரத்தோட இலையும் அதே மாதிரி காட்டினா, காத்துல பறக்கற மண்தூசியும் இலையில சேருதுன்னு அர்த்தம், எங்க ப்ராஜெக்ட் அவுட். இலை சுத்தமா இருந்தா, ரோட்டோர இலையில தெரியறதுக்கு மண்ணு காரணம் இல்ல.

ரெண்டாவது தடவை கருவிகிட்ட போனப்ப முதல்ல அம்மாயி இலையைத்தான் வச்சேன். நம்பருக்கு முன்னாடி ஒரு மைனஸ் வந்துச்சு. மூணு தடவை வச்சேன், மூணு தடவையும் மைனஸ். டயா காந்தம். சுத்தமான இலை. நாங்க மூணு பேரும் அந்த லேப்ல கை தட்டினதைப் பார்த்து அந்த அண்ணன் என்ன நினைச்சாரோ.

அப்புறம் ஒவ்வொண்ணா வச்சோம். உள் தெரு மரம், சைபருக்குக் கொஞ்சம் மேல. மெயின் ரோடு, கூட. சிக்னல் பக்கம், அதை விடக் கூட. வரிசையா ஏறிக்கிட்டே வந்துச்சு, கிராஃபே கண்ணுல தெரிஞ்சுது.

பன்னிரண்டாவது டப்பா மட்டும் சிக்னல் மரத்தை விட ரெண்டு மடங்குக்கும் மேல போச்சு. டப்பாவைத் திருப்பி எழுத்தைப் பார்த்தேன். என் கையெழுத்துதான். எங்க அப்பா கடை மரம்.

பன்னிரண்டாம் நம்பர்

"அவுட்லையர். தூக்கிடலாம்"னான் ஹாஸ்டல் நண்பன். டாப்பரும் யோசிச்சா. அதை எடுத்துட்டா கிராஃப் நேர்க்கோடு. வச்சா, சிக்னல்ல இருந்து நாப்பது அடி தள்ளி இருக்கற மரம் ஏன் சிக்னலை விட அதிகம்னு ரிவ்யூவுல கேப்பாங்க. பதில் இல்ல.

எனக்கும் எடுத்துடலாம்னுதான் தோணுச்சு. ஆனா என் காரணம் வேற. அவங்க கிராஃபுக்காகச் சொன்னாங்க. எனக்கு அந்த நம்பரைப் பார்க்கவே பிடிக்கல. அந்த மரத்தடியில ஒருத்தர் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் உக்காந்திருக்கார்.

சனிக்கிழமை ஊருக்குப் போனேன். கடையில ஒரு ஸ்டூலைப் போட்டு சும்மா உக்காந்து பார்த்தேன். சின்ன வயசுல இருந்து ஆயிரம் தடவை பார்த்த கடை. பத்து மணிக்கு ஒரு பழைய மொபெட் வந்துச்சு, பின்பிரேக் பிடிக்கல. அப்பா வீலைக் கழட்டினார், பிரேக் ஷூவை எடுத்தார், கம்ப்ரசர் பைப்பை எடுத்து டிரம்முக்குள்ள ஒரு அடி அடிச்சார். புஸ்ஸுன்னு கறுப்பா ஒரு புகை கிளம்பி, அவர் முகத்தைத் தாண்டி, மரத்துப் பக்கம் போச்சு. அவர் கண்ணை மட்டும் சுருக்கிக்கிட்டார்.

அவ்வளவுதான். இருபத்தஞ்சு வருஷமா, ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை.

ஷூ தேயும்போது டிரம்மோட இரும்பும் சேர்ந்து தேயுது. சூட்டுல அது மேக்னடைட் மாதிரி ஆக்சைடுகளா மாறுது. லைனிங்குல செம்பு, துத்தநாகம், ஆன்டிமனி, பேரியம்னு கம்பெனிக்குத் தகுந்த கலவை. பழைய லைனிங்குல ஆஸ்பெஸ்டாஸ் போட்ட காலமும் உண்டு. சிக்னல்ல நிக்கற ஆயிரம் வண்டியும் இதைக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் உதிர்க்குது. எங்க கடையில, ஒவ்வொரு வண்டியும் மாசக்கணக்கா டிரம்முக்குள்ள சேர்த்து வச்சதை ஒரே அடியில வெளியே எடுக்கறோம்.

சுவர்ல இருந்த காந்தத்தை எடுத்தேன். தாடியை ஒரு வெள்ளைப் பேப்பர்ல துடைச்சேன். காந்தத்தைப் பேப்பருக்குக் கீழே வச்சதும் அந்தக் கறுப்புப் பொடி முழுக்க எழுந்து முள்ளு முள்ளா நின்னுச்சு.

"என்னடா பண்ற?"

சொன்னேன். இலை, நம்பர், மூளையில உருண்டை எல்லாத்தையும். தமிழ்ல சொல்ல எனக்குத் திக்கித் திக்கித்தான் வந்துச்சு. அவர் ஸ்பேனரைக் கீழே வைக்காமலேயே கேட்டார்.

"அப்ப புகையில இருந்து வர்றது இல்லையா? உன் தலைப்பு புகைதானே?"

"புகையும்தாம்ப்பா. ஆனா இங்க இது அதிகம்."

"சரி, நான் என்ன பண்ணணுங்கற? கடையை மூடவா?"

கோபமாச் சொல்லல. ஆனா நான் அப்படி ஒரு கேள்விக்குத் தயாராப் போகல. அந்தக் கடை கட்டின ஃபீஸ்லதான் எனக்கு மேக்னடைட்னா என்னன்னு தெரிஞ்சுது.

"மூட வேண்டாம்ப்பா. காத்து மட்டும் அடிக்காதீங்க. ஈரத்துணியால துடைங்க. இல்ல, தண்ணியை ஸ்ப்ரே பண்ணிட்டுத் துடைங்க. மாஸ்க் போட்டுக்கங்க."

"ஈரத்துணியில துடைச்சா ஒரு வண்டிக்குப் பத்து நிமிஷம் கூட ஆகும். கஸ்டமர் பக்கத்துக் கடைக்குப் போயிடுவான்." கொஞ்ச நேரம் பேப்பர்ல நின்ன முள்ளையே பார்த்தார். அப்புறம் டீ வாங்கிட்டு வரச் சொன்னார்.

மீதிக் கதை

பன்னிரண்டாம் நம்பரை எடுக்கல. டீம்கிட்ட காரணத்தைச் சொன்னேன். ரெண்டு பேரும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. ரசாயனச் சோதனைக்கு எங்க கையில இருந்த காசு ஆறு சாம்பிளுக்குத்தான் வந்துச்சு. அம்மாயி மரம், உள் தெரு ஒண்ணு, மெயின் ரோடு ரெண்டு, சிக்னல் ஒண்ணு, அப்பா கடை ஒண்ணு. செம்பும் துத்தநாகமும் காந்த அளவு ஏறின அதே வரிசையில ஏறுச்சு. ஈயம் அந்த வரிசைக்கு வரல.

அதுக்கும் ஒரு கதை இருக்கு. பெட்ரோல்ல ஈயம் கலந்தா இன்ஜின் தட்டாதுன்னு 1921ல அமெரிக்காவுல தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடிச்சார். உலகம் முழுக்க சைலன்சர் வழியா ஈயம் வெளியே வந்துச்சு. இந்தியாவுல 1995ல சென்னை உட்பட நாலு பெருநகரத்துல ஈயமில்லா பெட்ரோல் வந்து, 2000ல நாடு முழுக்க ஆச்சு. கடைசி நாடா அல்ஜீரியா நிறுத்தினது 2021ல. ஈயம் மக்கிப் போகாது, அந்தக் காலத்துல விழுந்தது ரோட்டோர மண்ணுலயே கிடக்கும். ஆனா நாங்க பறிச்சது போன வருஷம் துளிர்த்த இலை. அது தன் ஆயுசுல ஈயம் கலந்த பெட்ரோல் புகையைப் பார்த்ததே இல்ல. ஈயம் வரிசைக்கு வராததுக்கு இது ஒரு காரணமா இருக்கலாம்னு ரிப்போர்ட்ல எழுதினோம். ஆறு சாம்பிளை வச்சு அதுக்கு மேல எதையும் நிரூபிக்க முடியாதுன்னும் எழுதினோம்.

ஃபைனல் ரிவ்யூவுக்குத் தலைப்புல இருந்த "வாகனப் புகை"யை எடுத்துட்டு "வாகனப் போக்குவரத்து"ன்னு மாத்தினோம். ஒரு சொல்தான். ஆனா அந்த ஒரு சொல்லுக்குத்தான் எங்களுக்கு ஆறு மாசம் ஆச்சு. 2020ல பி.எஸ். 6 வந்து சைலன்சர் வழியா வர்றதை நிறையவே கட்டுப்படுத்திடுச்சு. பிரேக்குல இருந்து வர்றதுக்கு அதுல அளவு இல்ல. 2024ல ஐரோப்பா ஏத்துக்கிட்ட யூரோ 7 விதியிலதான் பிரேக் துகளுக்கு முதல் தடவையா ஒரு வரம்பு வச்சிருக்காங்க. நாளைக்கு எல்லாமே எலக்ட்ரிக் வண்டி ஆனாலும் பிரேக் ஷூவும் டயரும் இருக்கத்தான் செய்யும். மோட்டாரே வேகத்தைக் குறைக்கற வண்டிகள்ல ஷூ தேயறது மட்டும் கம்மியாகும்.

அதே சார் அதே கேள்வியை மறுபடி கேட்டார். "லெட்டைக் காந்தம் இழுக்குமா?"

"இழுக்காது சார்"னு ஆரம்பிச்சு எல்லாத்தையும் சொன்னேன். பன்னிரண்டாம் நம்பர் வந்ததும், "இது ஏன் இவ்வளவு?"ன்னார். "எங்க அப்பா கடை சார்"னேன். ரூம்ல இந்தத் தடவை யாரும் சிரிக்கல. கிராஃப்ல அந்தப் புள்ளி கோட்டுக்கு வெளியே தனியா நின்னுக்கிட்டிருந்துச்சு. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "அப்பாகிட்ட சொன்னியா?"ன்னு மட்டும் கேட்டார்.

ஜூனியர்ஸுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ப்ராஜெக்டை அப்படியே எடுத்துச் செய்யலாம், எங்க டேட்டா டிபார்ட்மென்ட்ல இருக்கு. உங்க ஊர் மண்ணு என்ன மண்ணுன்னு முதல்ல பாருங்க. கடலோரம்னா கறுப்பு மணல் ஏமாத்தும், எங்க பக்கம்னா மலை ஏமாத்தும். ஒரே வகை மரமா எடுங்க. மழைக்கு அப்புறம் எத்தனை நாள்னு குறிச்சு வைங்க. கோட்டுக்கு வெளியே ஒரு புள்ளி விழுந்தா அழிக்கறதுக்கு முன்னாடி அந்த இடத்துக்கு ஒரு தடவை நேர்ல போய் உக்காந்துட்டு வாங்க.

அப்பா என்ன பண்ணினார்னு கேப்பீங்க. கடையில இப்ப ஒரு ஸ்ப்ரே பாட்டிலும் பழைய பனியன் துணியும் இருக்கு. மாஸ்க் பாதி நாள் கழுத்துலதான் தொங்குது. கூட்டம் இருக்கற நாள்ல என்ன செய்யறார்னு எனக்குத் தெரியும்னு அவருக்கும் தெரியும். நேத்து சாயங்காலம் வீட்டுக்குப் போற வழியில கடைகிட்ட வரும்போது கம்ப்ரசர் ஓடற சத்தம் கேட்டுச்சு. வேகமா நடந்து போய் எட்டிப் பார்த்தேன்.

டயருக்குத்தான் அடிச்சுக்கிட்டிருந்தார்.